கொடைக்கானல்ல குதிரை ஏறப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

எரியோட்டுல இருந்து கொடைக்கானல் நமக்குப் பக்கம்தான். சனிக்கிழமை காலையில திண்டுக்கல் போய் பஸ் பிடிச்சா, மதியத்துக்குள்ள ஏரிக்கரையில நிக்கலாம். அப்படித்தான் என் சித்தப்பா மகனும் கிளம்பினான். குதிரையில இருந்து விழுந்து மணிக்கட்டு உடைஞ்சது. ஆஸ்பத்திரி பில் 58,000 ரூபாய்.

"கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கேண்ணே"ன்னு போன் பண்ணினான். இல்லை. பழைய வேலையை விட்டு ஒரு வாரம் ஆச்சு, புது வேலையில சேர இன்னும் பத்து நாள் இருந்துச்சு. குரூப் பாலிசி பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். மொத்தத்தையும் கிரெடிட் கார்டுல தேய்ச்சான். மாசம் 3.5% வட்டின்னா, முதல் மாசமே 2,030 ரூபாய். அவன் கட்டினது 2,900. அசல்ல கழிஞ்சது வெறும் 870. வட்டிக்கான ஜிஎஸ்டியைச் சேர்த்தா அதுவும் குறையும்.

இந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாதுன்னா நாலு விஷயம் செய்யுங்க.

1. எங்கே போறோம்னு தெளிவு பண்ணுங்க
ஏரியைச் சுத்தி சாலையில குதிரை சவாரி போறது வேற, காட்டுக்குள்ள போறது வேற. வெள்ளகவி மாதிரி மலை கிராமங்களுக்கு குதிரையில சாமான் போகுதுங்கிறதுக்காக நாமளும் ஏறிப் போயிட முடியாது. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் இறுக்கமாச்சு. காடு பார்க்கணும்னா வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கு: ஆன்லைன் புக்கிங், கூடவே வழிகாட்டி. ஆனா அது நடைபயணம். சொந்த வண்டியில போறவங்க கொடைக்கானல் இ-பாஸையும் மறக்காதீங்க.

2. ஆறு மாசம் முன்னாடியே சேருங்க
ஒரு ஆளுக்கு உதாரணக் கணக்கு: பஸ் 1,500, ரெண்டு ராத்திரி தங்க 3,000, சாப்பாடு 1,500, குதிரை 1,500, அவசரத்துக்கு 1,500. மொத்தம் 9,000. மாசம் 1,500 வீதம் ஆறு மாச ஆர்டி போட்டா போதும். இஎம்ஐ வேண்டவே வேண்டாம். குதிரைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு காசுன்னு ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

3. பாலிசியைப் படிங்க
சாகச விளையாட்டுன்னாலே கிளெய்ம் கிடைக்காதுன்னு பலர் நினைக்கிறாங்க. ஹெல்த் பாலிசிகள்ல இருக்கிற ஐஆர்டிஏஐ-யின் பொதுவான விதிவிலக்கு, அதுல தொழில்முறையா ஈடுபடுறவங்களுக்குத்தான். குதிரைப் பந்தயம் அந்தப் பட்டியல்ல இருக்கு; சுற்றுலாப் பயணி ஒரு ரவுண்டு போறது அது இல்லை. ஆனா தனிநபர் விபத்து பாலிசியில வாசகம் வேற மாதிரி இருக்கலாம், தனியா பாருங்க.

இன்னொண்ணு. சொந்த ஹெல்த் பாலிசியில முதல் 30 நாள் காத்திருப்பு விபத்துக்குப் பொருந்தாது. என் தம்பி வேலையை விட்ட அன்னைக்கே ஒண்ணு எடுத்திருந்தா, பில்லுல பெரும்பகுதி தப்பிச்சிருக்கும். வேலை மாறப் போறீங்கன்னா இதை முதல்ல செய்யுங்க.

4. எல்டிஏ-வை நம்பி செலவு பண்ணாதீங்க
பழைய வரிமுறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்த விலக்கு. அதுவும் பயணக் கட்டணத்துக்குத்தான், நாலு வருஷ பிளாக்குல ரெண்டு முறை. ரூம் வாடகை, சாப்பாடு, குதிரை எதுவும் சேராது.

தம்பி அந்தக் கார்டுக் கடனை அடைக்க புது வேலையோட முதல் எட்டு மாசச் சம்பளத்துல கை வைக்க வேண்டியதாப் போச்சு. இப்போ மறுபடியும் கொடைக்கானல் போகணும்ங்கிறான். இந்த முறை ஆர்டி மூணாவது மாசத்துல இருக்கு, பாலிசி கையில இருக்கு. நானும் கூடப் போறேன்.

உங்க கடைசி வேலை நாளுக்கும் புது வேலைக்கும் நடுவுல எத்தனை நாள் இடைவெளி? கமெண்ட்ல சொல்லுங்க.