பெத்துவா ரந்தாய்: பாட்டி சொன்னதா, வணிகர் சொன்னதா?

கேள்வி: ஐந்தாம் படிவ ஆட் மேத்ஸில் 'பெத்துவா ரந்தாய்' வருகிறது. அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதை வகையிட்டால் போதாதாம். உள்ளே இருப்பதையும் வகையிட்டுப் பெருக்க வேண்டுமாம். ஏன் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாதா? இந்தப் பெயர் எப்படி வந்தது?
- மாணவி, ஸ்கூடாய்

பதில்: பெயரிலிருந்து தொடங்குவோம். 'ரந்தாய்' என்றால் சங்கிலி. 'பெத்துவா'தான் சுவாரஸ்யமான சொல். அரபு மொழியின் 'ஃபத்வா' மலாய்க்குள் நுழைந்து இந்த வடிவம் எடுத்தது. இருமலுக்கு எதைக் குடிக்கலாம், கையில் மீன் வாடை போக எதைத் தேய்க்கலாம் என்று பாட்டிமார் சொல்லும் கைமருந்துக் குறிப்புக்கும் மலாய்க்காரர்கள் பெத்துவா என்றுதான் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் பெத்துவா ரந்தாய்க்குச் 'சங்கிலி விதி' என்று பெயர். எனக்கென்னவோ பெத்துவாவில் கொஞ்சம் வீட்டு வாசம் கூடுதல்.

நுண்கணிதத்தில் இந்தச் சங்கிலிப் பெயர் வெகு பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பிய வணிகக் கணக்குப் புத்தகங்களில் அதற்கு முன்பே ஒரு சங்கிலி விதி இருந்தது. ஓர் ஊர் நாணயத்தை இன்னோர் ஊர் நாணயமாக்கி, அதை மூன்றாவது ஊர் நாணயமாக்கும் கணக்கு அது. நம் பக்கத்திலும் அதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. 628-இலேயே பிரம்மகுப்தர் ஐந்து, ஏழு, ஒன்பது, பதினோரு ராசிகள் கொண்ட விகிதக் கணக்குகளுக்கு விதி எழுதிவிட்டார்.

ஜொகூர்க்காரருக்கு இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், சம்பளத்தை ஜொகூர் பாருவில் மணி சேஞ்சர் கடையில் மாற்றி, அதில் கொஞ்சம் ஊருக்கு அனுப்புகிறார். கணக்குச் சுலபத்துக்காக ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட், ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு எத்தனை ரூபாய்? மூன்றையும் இருபதையும் கூட்டி 23 என்று சொன்னால் ஊரில் காத்திருப்பவர் விடுவாரா? 60 ரூபாய். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்.

இப்போது வீட்டுப்பாடத்துக்கு வாருங்கள். '3எக்ஸ் + 2' முழுவதும் ஐந்தாம் அடுக்கில் இருக்கிறது. எக்ஸ்தான் சிங்கப்பூர் வெள்ளி. அடைப்புக்குறிக்குள் இருப்பது ரிங்கிட். எக்ஸ் ஒன்று ஏறினால் அது 3 ஏறும். வெளியே உள்ள ஐந்தாம் அடுக்கு ரூபாய்; அதன் விகிதம் '3எக்ஸ் + 2'இன் நான்காம் அடுக்கைப் போல் 5 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 15 மடங்கு. பலர் 5-ஓடு நிறுத்திவிட்டு மதிப்பெண்ணை விட்டுவிடுவார்கள். ரிங்கிட்டுக்கான விலையைச் சிங்கப்பூர் வெள்ளிக்குச் சொல்வது போலத்தான். ஒரே வித்தியாசம்: கடைப் பலகையில் விலை அவ்வப்போதுதான் மாறும், இங்கே எக்ஸ் நகர நகர விலையும் நகர்கிறது.

நுண்கணிதத்தில் சங்கிலி விதியை முதலில் பயன்படுத்தியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் லைப்னிட்ஸ். 1676-இல் எழுதிய குறிப்பொன்றில், ஓர் இருபடிக் கோவையின் வர்க்கமூலத்தை வகையிட்டார். அதில் கூட்டல் கழித்தல் குறியில் பிழையும் விட்டார். உங்கள் ஆசிரியரிடம் தாராளமாக இதைச் சொல்லலாம். மதிப்பெண் கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். 1696-இல் லோபிதால் எழுதிய பாடநூல் அந்த விதியைப் பெயர் சொல்லாமலே பயன்படுத்தியது. ஏறக்குறைய இன்றைய வடிவத்தில் எழுதியவர் லக்ராஞ்சு, 1797-இல்.

ஆனால் 1500-ஐ ஒட்டி, கேரளத்துத் திரூர் பக்கம் திருக்கண்டியூரில் நீலகண்ட சோமயாஜி 'தந்திரசங்கிரகம்' எழுதினார். கோள் அந்தக் கணத்தில் என்ன வேகத்தில் நகர்கிறது என்பது அவர் கணக்கு. கோளின் இடத்தைத் திருத்தும் கோணம் ஒரு சைனைப் பொறுத்தது. அந்த சைன் கோளின் சராசரி இடத்தைப் பொறுத்தது. சராசரி இடம் நாளுக்கு நாள் மாறுகிறது. மூன்று கண்ணி. அவர் தந்த விடையில் கொசைன் பங்கும் தினசரி நகர்வும் பெருக்கப்பட்டு, ஒரு வர்க்கமூலத்தால் வகுக்கப்படுகின்றன. நாம் இன்று சங்கிலி விதியால் போட்டாலும் அதே விடைதான். விதி என்று அவர் தனியாக எதையும் சொல்லவில்லை. விடை மட்டும் சரியாக நிற்கிறது. இன்னொரு நூலில் அந்தப் பெருமையைத் தம் குரு தாமோதரருக்குக் கொடுத்துவிட்டார்.

கேள்வி: 'டிஒய் கீழ் டியு' பெருக்கல் 'டியு கீழ் டிஎக்ஸ்' என்று எழுதி, நடுவில் உள்ள டியுவை வெட்டிவிடலாமா?
- மாணவன், குளுவாங்

பதில்: வெட்டுங்கள், விடை மாறாது. அப்படி வெட்டத் தோன்றும்படி குறியீடு அமைத்தவரே லைப்னிட்ஸ்தான். ஆனால் அதை நிரூபணம் என்று எண்ணிவிடாதீர்கள். எக்ஸ் நகரும்போது உள்ளே இருப்பது சில இடங்களில் நகராமலே நிற்கலாம். அப்போது நீங்கள் வெட்டுவது பூச்சியத்தை. எஸ்.பி.எம். தேர்வில் இதைக் கேட்கமாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே கேட்பார்கள்.