கடைசி ஊர் மாமல்லபுரமா? ஒரு ராத்திரி தங்கு!

தங்கச்சி, நம்ம பெரணமல்லூரிலிருந்து வேன் பேசிக் கிளம்புகிறவர்கள் மேல்மருவத்தூர், வேடந்தாங்கல், திருக்கழுக்குன்றம் எல்லாம் பார்த்துவிட்டு, மாமல்லபுரம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். அலையில் கால் நனைத்து, நாலு போட்டோ பிடித்து, உடனே வண்டி ஏறிவிடுவார்கள். எனக்கு மனசு ஆறுவதே இல்லை. வழியில் ஒரு ஊரைக் குறைத்துக்கொண்டாவது கடலோரத்தில் ஒரு ராத்திரி தங்கு.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை போனால் ரொம்ப நல்லது. சுற்றுலாத் துறையின் இந்திய நாட்டிய விழா அப்போதுதான் நடக்கும். அரையாண்டு லீவு, பொங்கல் லீவு இரண்டும் அதற்குள் வந்துவிடும். வேடந்தாங்கலிலும் பறவைகள் இருக்கும். பரதம், கதக், ஒடிசி, கிராமியக் கலை என்று தினம் ஒன்று மாறும். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எந்த நாள் போவது என்று முடிவு செய். நேரடியாகப் பாடி வாசிக்கிற அன்று, பக்கவாத்தியக்காரர்கள் இருக்கும் பக்கமாகப் போய் உட்கார். மிருதங்கத்தையும் நட்டுவாங்கத்தையும் அவ்வளவு கிட்டத்தில் கேட்கும் வாய்ப்பு பிள்ளைகளுக்கு ஊரில் எங்கே கிடைக்கும்? திறந்தவெளி, பனி இறங்கும். காதுக்கு மப்ளர், மடிக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்.

பட்டுப்புடவை மட்டும் வேண்டாம். நம்ம வீட்டுத் தறியில் நெய்ததாகவே இருக்கட்டும், உப்புத் தண்ணி பட்டால் ஜரிகை கறுத்துப்போகும். பருத்திப் புடவை போதும்.

மீன் சாப்பிடாமல் வராதே. வறுக்கச் சொல்லும் முன் மீனைக் காட்டச் சொல். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்க வேண்டும். எடை எவ்வளவு, வறுத்துத் தர மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடு. முள்ளுக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு வஞ்சிரத் துண்டு, இல்லை கடம்பா. கோடை லீவில் போகிறாய் என்றால் ஒன்று தெரிந்துகொள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் வரத்து குறைவு, விலையும் ஏறியிருக்கும். ஐஸில் கிடந்த மீனைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அப்போது கூடுதலாகக் கவனி.

கடலுக்கு விடியற்காலையில் போ. நம்ம பக்கத்துக் கடலில் சூரியன் தண்ணீரிலிருந்தே எழும்பும். கடற்கரைக் கோயில் கல்லில் அந்த வெளிச்சம் படுவதைப் பார்க்க வேண்டும். காலை 6 மணிக்கே திறந்துவிடுவார்கள். எடுத்த டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, அன்றைக்கே ஐந்து ரதத்துக்கும் அது செல்லும். அர்ஜுனன் தபசுக்கு டிக்கெட்டே இல்லை.

குளியல் விஷயத்தில் மட்டும் அக்கா கண்டிப்பாகத்தான் சொல்வேன். அங்கே இழுவை அதிகம். திரும்புகிற அலை காலடி மண்ணை உருவிக்கொண்டு போகும், ஏரியில் நீந்தத் தெரிந்தவனும் தடுமாறுவான். முழங்காலுக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம். பிள்ளைகளின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்தபடியே நிற்கட்டும்.

வெயில் ஏறுமுன் அறைக்குத் திரும்பி, நல்ல தண்ணியில் எல்லாரையும் குளிக்க வை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பினால், செங்கல்பட்டு வழியாக வந்தவாசியை இருட்டுக்கு முன்னே தாண்டிவிடலாம்.