அத்தி தினமும்தான் பூக்கிறது

நம்பிக்கை: அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடும்.

வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது வந்துவிடும் செய்தி. இலைக்குள் தண்ணீர் உடைந்தால்தான் ஆக்சிஜன் வரும். உடைக்க வெளிச்சம் வேண்டும். இருட்டிவிட்டால் அரசும் மற்ற மரங்களைப் போலச் சுவாசிக்கத்தான் செய்யும். கற்றாழை போன்ற சில செடிகள் இரவில் கரியமில வாயுவை வாங்கிச் சேமிப்பதுண்டு. அவையும் ஆக்சிஜன் தருவது பகலில்தான்.

நம்பிக்கை: இரவில் புளியமரத்தடியில் படுத்தால் கரியமில வாயு அமுக்கிவிடும், பேய் என்பது அதுதான்.

பேயை விரட்ட அறிவியலைக் கூப்பிட்ட கதை! வெட்டவெளியில் அந்த வாயு தேங்கி நிற்காது. மூடிய அறையில் பக்கத்தில் குறட்டை விடுபவருக்கே நாம் பயப்படுவதில்லை.

நம்பிக்கை: ஆல், அரசு, அத்தி மூன்றும் பூக்காமலே காய்க்கும்.

‘அத்தி பூத்தாற்போல’ என்று சொல்லிச் சொல்லியே நம்பிவிட்டோம். ஓர் அத்திக்காயைப் பிட்டுப் பாருங்கள். உட்சுவர் முழுக்க நெருக்கியடித்து நிற்பவை எல்லாம் பூக்கள். காயின் நுனியில் ஊசிமுனை அளவு வாசல். ஓரிரு மில்லிமீட்டரே இருக்கும் பெண் குளவி, இறக்கை பிய்ந்துபோக அதில் நுழைந்து, கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகும். உள்ளே பிறக்கும் ஆண் குளவிகளுக்கு இறக்கையே கிடையாது. பெண்கள் வெளியேற வழி குடைந்து கொடுப்பதோடு அவற்றின் ஆயுள் முடிந்தது. ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறு, அத்திக்கு வேறு.

வெளியேறும் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் இன்னொரு மரம் பிஞ்சு விட்டிருக்க வேண்டும். அதனால் இந்த மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்த்து ஓய்வதில்லை. மற்ற மரங்களில் பழமில்லாத மாதங்களிலும் எங்கோ ஓர் ஆலோ அரசோ பழுத்திருக்கும். குயிலும் மைனாவும் குக்குறுவானும் பழந்தின்னி வௌவாலும் அங்கே கூடியிருக்கும். அரசின் பெருமையைச் சொல்ல இது போதும். இல்லாத ஆக்சிஜனை ஏன் ஏற்றிச் சொல்ல வேண்டும்?

நம்பிக்கை: சுவரில் அரசு முளைப்பது தெய்வச் செயல்.

பறவையின் எச்சம். பழம் தின்ற மைனா உட்கார்ந்த இடத்தில் விதை விழுகிறது. விட்டுவைத்தால் வேர் சுவரைப் பிளக்கும்; பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கியதைக் குப்பையில் போடாமல், சிறு கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்து ஏரிக்கரையில் வையுங்கள். ஐப்பசி மழையில் பிழைத்துக்கொள்ளும்.