பீரும் பருவமும்

தில்லிக்கு வந்து முதல் குளிர்காலத்தைக் கழித்த நம் அன்பர் எவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. தை மாதத்தில் தோசை மாவு புளிப்பதில்லை. இரவில் கரைத்து வைத்த மாவு, காலையில் கரைத்தபடியே கிடக்கும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றுவோம்; ஹீட்டருக்கு அருகில் வைப்போம்; ஊருக்குத் தொலைபேசியில் பேசி அம்மாவிடம் குறைப்படுவோம். அதே மாவு வைகாசியில் ஒரு பகற்பொழுதிற்குள் பொங்கி வழிந்து, வாயில் வைக்க முடியாதபடி புளித்துவிடும். அரிசியும் உளுந்தும் மாறவில்லை, பாத்திரமும் மாறவில்லை. மாறியது வெப்பநிலை ஒன்றே.

பீரின் வரலாறும் ஏறக்குறைய இந்த மாவின் கதைதான். பருவத்துக்கு ஒரு பீர் என்பது இன்று கிராஃப்ட் பீர் செய்யும் சிறு ஆலைகளின் வழக்கம். இலையுதிர் காலத்துக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, வேனிலுக்கு ஒன்று என்று ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றிச் சுவைப்பதில் இன்பம் காண்போர் பலர். இவற்றுள் உண்மையாகவே பருவத்தால் பிறந்தது எது, பெயரளவில் பருவத்தைச் சுமந்து நிற்பது எது என்று சற்று ஆராய்வோம். குடிக்கத் தூண்டுவது என் நோக்கமன்று. குடிப்பவர் அறிந்து குடிக்கட்டும். குடியாதவர் நுண்ணுயிரியல் படிக்கட்டும்.

பீர் உண்டாகும் முறை எளியது. வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தினால் மால்ட்டு கிடைக்கும். அதை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால், அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாகிறது. வடித்த சாற்றில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பெண்பூங்கொத்துக்களை இட்டுக் கொதிக்க வைப்பர். கசப்பும் மணமும் அதனால் வருகின்றன. சில பாக்டீரியாக்களும் அதனால் அடங்குகின்றன. சாறு ஆறிய பின் ஈஸ்டு தன் வேலையைத் தொடங்கிச் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றும். ‘ஏல்’ வகைப் பீரின் ஈஸ்டுக்கு ஏறத்தாழ 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ‘லாகர்’ வகையின் ஈஸ்டு 7 முதல் 13 டிகிரிக் குளிரிலும் சோர்வின்றி உழைக்கும்.

இனி ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவுக்குச் செல்வோம். 1516இல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கலாகாது என்று அது விதித்தது. இது பலர் அறிந்ததே. அதே சட்டம் பீருக்கு இரண்டு விலைகள் வைத்ததைச் சிலரே அறிவர். செப்டம்பர் இறுதியில் வரும் புனித மிக்கேல் திருநாள் முதல் ஏப்ரலில் வரும் புனித ஜார்ஜ் திருநாள் வரை ஓர் அளவு பீர் ஒரு பென்னிக்கு மேல் விற்கலாகாது. எஞ்சிய வெயில் மாதங்களில் இரண்டு பென்னி வரை விற்கலாம். வேனிற்காலத்தில் நல்ல பீர் கிடைப்பது அவ்வளவு அரிதாக இருந்தது போலும்! 1553இல் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட்டு ஒருபடி மேலே சென்றார். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்று ஆணையிட்டார். தீ விபத்து அச்சம் ஒரு காரணம். வெயிலில் செய்த பீர் கெட்டுப்போனது மற்றொரு காரணம். 1850 வரை அந்தத் தடை நீடித்தது.

இந்த ஆணையைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சென்ற ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு எங்கள் ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் நின்றது. 10 டிகிரியில் வளர்த்துவந்த லாகர் ஈஸ்டின் குடுவைகள் விடியும்வரை அறை வெப்பத்தில் கிடந்தன. அங்கே அறை வெப்பம் என்பது 35 டிகிரிக்கு மேல். எப்போதோ புகுந்து குளிரில் ஒடுங்கியிருந்த பாக்டீரியா அந்த ஓரிரவில் பெருகிவிட்டது. மூடியைத் திறந்தேன்; புளித்த மோர் வாடை. ஆறு வார உழைப்பை மொத்தமாகக் கொட்டிக் கழுவினேன். ஆல்பிரெக்ட்டு எதற்காக அஞ்சினார் என்பது கழுவுதொட்டியருகே நின்றபோதுதான் எனக்கு விளங்கிற்று.

தடை வந்தால் மனிதன் சும்மா இருப்பானா? பவேரியர் மார்ச்சு மாதத்திலேயே மிகுதியாகக் காய்ச்சி வைத்தனர். கோடையைத் தாங்கவேண்டுமே என்று மால்ட்டும் ஹாப்ஸும் கூட்டிச் சற்று வலிமையாகச் செய்தனர். ‘மேர்ட்சன்’, அதாவது மார்ச்சுப் பீர், என்ற பெயர் இப்படி வந்ததே. அதை நிலவறைகளில் வைத்து, குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிச் சேமித்த பனிக்கட்டியை உடன் அடுக்கினர். நிலவறையின்மேல் வெயில் படாதிருக்க அகன்ற இலையுள்ள செஸ்நட்டு மரங்களை நட்டனர். நிழல் விழுந்த இடத்தில் மக்கள் கூடினர். 1812இல் அரசர் மாக்ஸிமிலியன், அங்கேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர உணவு விற்கலாகாது என்று அனுமதி வழங்கினார். மூன்று மாத ஆய்வுப் பயிற்சிக்காக மியூனிக் நகருக்கு அருகில் தங்கியிருந்தபோது அத்தகைய மரங்களின் கீழ் நானும் அமர்ந்திருக்கிறேன். வேண்டிய உணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்து அங்கே உண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நான் புளிசாதம் கொண்டுசென்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மற்றொரு வியப்பும் உண்டு. குளிரில் மட்டுமே காய்ச்சு என்ற கட்டளை, குளிரைத் தாங்கும் ஈஸ்டுக்கே வாழ்வளித்தது. ஈஸ்டு என்றொரு உயிர் இருப்பதே அறியாத காலத்தில் நடந்த தேர்வு இது! லாகர் ஈஸ்டு ஒரு கலப்பினம். பெற்றோரில் ஒன்று ரொட்டியிலும் நம் ஊர்க் கள்ளிலும் பொங்கும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. குளிரைத் தாங்கும் மற்றொன்று எது என்பது நெடுநாள் புதிராயிருந்தது. 2011இல்தான் அது தென்னமெரிக்காவின் படகோனியாக் காடுகளில், பீச் மரக் கழலைகளில் வாழ்வதாக அறிவித்தனர். பின்னர் திபேத்திலும் அயர்லாந்திலும் கண்டனர். பிள்ளைக்குப் பாஸ்டரின் நினைவாகப் பாஸ்டோரியானஸ் என்று பெயர்.

அந்தப் பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றி ஒரு நூலே எழுதி, பீர் கெடுவது நுண்ணுயிர்களால் என்று காட்டினார். அதே பத்தாண்டில் லிண்டே என்னும் ஜெர்மானியரின் குளிரூட்டும் பொறி மியூனிக் ஆலையொன்றில் ஓடத் தொடங்கியது. 1883இல் கோபன்ஹேகனில் ஹான்சன் தூய ஈஸ்டைத் தனித்து வளர்த்தார். அத்துடன் பருவத்தின் ஆட்சி முடிந்தது. ஆடியிலும் மார்ச்சுப் பீர் காய்ச்சலாம்.

அப்படியானால் இன்றைய பருவப் பீர்களில் மெய் எது? நினைவால் வாழ்பவை பல. மேர்ட்சன் அவற்றுள் ஒன்று. பாலா துறவியர் தவக்காலத்தில் ரொட்டிக்கு ஈடாக அருந்திய தடித்த ‘டாப்பல்பாக்’ இன்னொன்று. அறுவடைக் கூலியாட்களுக்கென்று பெல்ஜியப் பண்ணைகளில் குளிர்காலத்தில் செய்துவைத்ததாகச் சொல்லும் ‘செசோன்’ வேறொன்று. அப்பெயருக்கே பருவம் என்பதுதான் பொருள். பழைய நினைவைக் குறைவாக எண்ணுபவன் அல்லன் நான். கரும்பை ஆண்டு முழுதும் வாங்கலாம் என்பதற்காகப் பொங்கலன்று கடிக்காமல் விடுகிறோமா?

மெய்யாகவே பருவத்துக்குக் கட்டுப்பட்டவை இரண்டு. பிரஸ்ஸல்ஸ் அருகில் செய்யும் ‘லாம்பிக்’ ஒன்று. கொதித்த சாற்றை அகன்ற ஆழமற்ற தொட்டியில் இரவு முழுவதும் திறந்து வைத்து, காற்றில் வரும் உயிர்களையே புளிக்க விடுவர். குளிர்ந்த இரவுகளில் மட்டுமே இது இயலும். வெயிலில் வேண்டாத விருந்தினரே மிகுதியாக வருவர். மற்றொன்று பச்சை ஹாப்ஸ் பீர். ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் கொடியிலிருந்து பறித்த பூவை உலர்த்தாமல், பறித்த ஓரிரு நாளுக்குள் கொதிகலனில் இடவேண்டும், தாமதித்தால் அழுகும். குளிர்ப்பெட்டி வந்தும் கொடி ஆண்டுக்கு ஒருமுறைதானே பூக்கிறது! இந்தப் பீரைச் சேமித்து வைப்பவர் ஏமாறுவார். மணம் விரைவில் போய்விடும். டாப்பல்பாக்கோ ஓராண்டு காத்திருந்தாலும் கெடாது. அதைப் பனிக்கட்டிபோல் குளிரவைத்து அருந்துவது வீண், நாவும் மூக்கும் மரத்துப்போகும்.

அமெரிக்காவில் இலையுதிர் காலத்துக்கென்று செய்யும் பூசணிப் பீர் ஆகஸ்டிலேயே கடைக்கு வந்துவிடுவதுண்டு. அதற்குப் பருவத்தோடு என்ன உறவு என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஜெனரேட்டர் கேட்டு விண்ணப்பம் அனுப்பி ஓராண்டாகிறது. அது வரும்வரை நான் ஆல்பிரெக்ட்டின் நாட்காட்டியையே பின்பற்றுகிறேன். கார்த்திகை பிறந்த பின்பே குடுவைகளில் ஈஸ்டு இடுகிறேன். பங்குனிக்குள் அளவீடுகளை முடிக்கவேண்டும். இவ்வாண்டுத் தை மாதம் இருமுறை மின்சாரம் நின்றது. விடுதி அறையில் தோசை மாவு புளிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பாஸ்டோரியானஸுக்கு ஒரு குறையும் நேரவில்லை.