எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கேள்வி: பிளாஸ்டிக் யோயோவில் மூன்று வருடமாக ஆடுகிறேன். அடுத்து அலுமினிய யோயோ வாங்க ஆசை. நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இந்த ரகம் சுண்டி இழுத்தால் கைக்கு வராது. கயிற்றை மடித்து உள்ளே கொடுத்து 'பைண்ட்' போட்டால்தான் ஏறும். அது கைவந்திருந்தால் மேலே படியுங்கள்.

எத்தனை கிராம் என்று மட்டும் பார்க்காதீர்கள். பெரும்பாலானவை 60 முதல் 70 கிராமுக்குள்தான். அந்த எடை எங்கே இருக்கிறது என்பதே விஷயம். விளிம்பில் குவிந்திருந்தால் நெடுநேரம் சுற்றும், லேசில் சாயாது. நடுப்பக்கம் கூடினால் கையில் துள்ளும், ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஜென்ட்ரி ஸ்டைனின் பெயரில் வரும் 'ஷட்டர்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2014-இல் பிராக் நகரில் அவர் உலகப் பட்டம் வென்றது அதை வைத்துத்தான். அதற்கு மேல் விலை கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. விலை கூடியவற்றில் பெரும்பாலும் வரும் 7075 ரக அலுமினியம், 6061 ரகத்தைவிட உறுதியானது, நிஜம்தான். தரையில் அடித்தால் இரண்டுமே கீறும்!

வாங்கியதும் பலமாக எறிந்து, சுழலும் விளிம்பில் நகத்தை லேசாக வையுங்கள். நகம் படபடவென்று அதிர்ந்தால் கோளாறு. உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். என்னுடையதை ஆறு மாதம் திட்டிக்கொண்டே ஆடினேன். கழற்றிப் பார்த்தால், பேரிங்குக்கு அடியில் துண்டுக் கயிறு ஒன்று சுருண்டு கிடந்தது.