மென்பொருளை நீக்கினால் நம் சொற்கள் போய்விடுமா?

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள மேலநீலிதநல்லூர் உங்கள் ஊர் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறியில் லிப்ரே ஆபீஸைத் திறந்து ஊர்ப்பெயரை அடிக்கிறீர்கள். தமிழ்ச் சொல்திருத்தி அதன் கீழே சிவப்புக் கோடு போடுகிறது! அதன் அகராதியில் உங்கள் ஊர் இல்லை. நீங்கள் விடுவீர்களா? அகராதியில் சேர்த்துவிடுகிறீர்கள். இப்படியே தெருப்பெயர், தாத்தா பெயர் என்று நூறு சொற்கள் சேர்ந்துவிட்டன. ஒருநாள் மென்பொருள் கோளாறு செய்கிறது. அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். அந்த நூறு சொற்களும் போய்விடுமா?

போகாது. ஏன் என்று பார்ப்போம்.

தையற்கடையைக் கவனித்திருப்பீர்கள். தையல் மெஷினை விற்றுப் புதிது வாங்கினாலும் அளவு நோட்டு மேசைக்குள் பத்திரமாக இருக்கும். மென்பொருளும் அப்படித்தான். நிரல் ஓரிடத்தில்; நீங்கள் செய்த தேர்வுகள் உங்கள் பயனர் பெயருக்குரிய வேறோர் இடத்தில். விண்டோஸில் அது 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள்ளே, 'ரோமிங்' என்பதில் இருக்கிறது. லினக்ஸில் உங்கள் வீட்டுக் கோப்புறையில் 'கான்ஃபிக்' என்ற பெயருக்கு முன் ஒரு புள்ளியோடு இருக்கும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டவை. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் தெரியும். லிப்ரே ஆபீஸின் 'யூசர்' கோப்புறைக்குள் 'வேர்ட்புக்' என்று ஒன்று உண்டு. அதிலுள்ள கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். உங்கள் ஊர்ப்பெயர் அங்கே ஒரு வரியாக இருக்கும்!

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அத்தகைய கணினியில் இரண்டுக்கும் தனித்தனி நோட்டு. ஒன்றில் சேர்த்த சொல் மற்றதற்குத் தெரியாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சில மென்பொருள்கள் நீக்கும்போது "அமைப்புகளையும் அழிக்கவா?" என்று கேட்கும். படிக்காமல் 'ஆம்' என்று அழுத்துபவர்களே அதிகம். ஆண்ட்ராய்டு கைபேசியோ பெரும்பாலும் கேட்பதே இல்லை. செயலியோடு அதன் நோட்டையும் சேர்த்தே அழித்துவிடும். ஆகவே மென்பொருளை மூடிவிட்டு, 'யூசர்' கோப்புறையை முதலில் பென்டிரைவில் நகலெடுங்கள்.

மூன்று முறை நிறுவியும் அதே கோளாறா? அப்படியானால் பழுது நோட்டிலேயே இருக்கலாம். 'ஹெல்ப்' பட்டியலில் 'சேஃப் மோடு' உண்டு. அதில் கோளாறு மறைந்தால் 'யூசர்' கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு மென்பொருளைத் திறங்கள். புதுக் கோப்புறை ஒன்று தானே உருவாகும். மென்பொருளை மூடி, நகலிலிருந்து 'வேர்ட்புக்'கை மட்டும் அதில் போட்டால் போதும்.