கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கிணற்றுக் கணக்குடன் செல்லுங்கள்

புதுவைக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கருங்கற்கள் கொட்டப்பட்டிருப்பதை உழவர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். கற்கள் கிடக்கும் இடத்தில் ஒரு காலத்தில் அகன்ற மணற்பரப்பு இருந்தது. அது மறைந்த காரணத்தை அறிந்துகொள்வது கடலோர மக்களுக்கு மட்டுமன்றி, உள்ளே நிலம் வைத்திருக்கும் நமக்கும் பயன் தரும்.

நம் கிழக்குக் கரையோரம் அலைகள் மணலை இடைவிடாமல் நகர்த்துகின்றன. மார்ச்சு முதல் அக்டோபர் வரை மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் அதைவிடக் குறைந்த அளவில் தெற்கு நோக்கியும் செல்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வாய்க்காலின் குறுக்கே வரப்புப் போட்டால் மேல்மடையில் நீர் தேங்கிக் கடைமடை காய்வதைப் போல, சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரித்தது. நகரைக் காக்கக் கல் கொட்டியதும் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து, மீனவர் குப்பங்களைத் தொட்டது. 2018ஆம் ஆண்டு வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பின்னரே நகரின் ஒரு பகுதியில் மணல் திரும்பத் தொடங்கியது. இழந்ததில் ஒரு பங்கை மீட்கவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

அந்தச் சுவர்கள் எழுந்த நாளில், கரையோர மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. அதை உழவர்கள் பயன்படுத்தும் முறையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வந்த வரலாறு

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு முதல் பெரிய அரசுத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1984இல் போபால் விஷவாயு விபத்து நேர்ந்தபின், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1994இல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 1997இல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு சேர்க்கப்பட்டது. 2006 செப்டம்பர் 14இல் புதிய அறிவிக்கை வெளியாயிற்று. அவ்வப்போது திருத்தப்பட்டு, அதுவே நடைமுறையில் உள்ளது.

திட்டம் கடந்து வரும் நான்கு படிகள்

முதற்படி, தரம் பிரித்தல். பெரிய திட்டங்கள் 'ஏ' பிரிவு. இவற்றை மத்திய அமைச்சகம் ஆராயும். ஏனையவை 'பி' பிரிவு. இவை பொதுவாக மாநில அளவிலான ஆணையத்திடம் செல்லும். இவற்றுள் 'பி2' எனப்படுபவற்றுக்குத் தாக்க அறிக்கையும் கருத்துக் கேட்பும் தேவையில்லை. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்கும் ஆய்வுப் பணிகள் 2020 சனவரியில் இந்த 'பி2' பிரிவுக்கு மாற்றப்பட்டன.

இரண்டாம் படியில் எவற்றை ஆராய வேண்டும் என்று வல்லுநர் குழு வரையறுக்கும். மூன்றாம் படி மக்கள் கருத்துக் கேட்பு. நான்காம் படியில் வல்லுநர் குழு அனைத்தையும் சீர்தூக்கிப் பரிந்துரை செய்யும்.

அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

தாக்க அறிக்கையைத் தயாரிப்பது அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம். அதற்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே. இதனால் அறிக்கை பொய்யென்று ஆகிவிடாது. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் கூடாது. வழக்கமாகத் திட்ட இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவு வரை ஆய்வு செய்வார்கள்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஆய்வு நடந்த காலம். மண், நீர், காற்று விவரங்கள் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் எடுக்கப்படுகின்றன. நமக்கோ ஏரி நிரம்புவதும், வாய்க்கால் ஓடுவதும், வயல் மூழ்குவதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். சித்திரை வெயிலில் வந்து பார்த்தவருக்கு அது வெறும் ஓடை. ஐப்பசியில் அதில் நீர் எவ்வளவு வரும், எங்கே உடைக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அறிக்கை பார்த்தது ஒரு பருவம். நீங்கள் பார்த்தது முப்பது ஆண்டு. இந்த அறிவு கூட்டத்தில் பதிவாக வேண்டும்.

நீர் வரும் வழியையும் சரிபாருங்கள். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் வருகிறது. ஆகவே தமிழ்நாட்டு எல்லைக்குள் வரும் ஒரு திட்டம் பாகூர் நெல்வயலைப் பாதிக்கக்கூடும். வரைபடத்தில் உங்கள் ஏரி, வரத்து வாய்க்கால், கலங்கல், பம்பு செட்டுகள் காட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் அதுவே முதல் ஆட்சேபம்.

இன்றே தொடங்க வேண்டிய பணிகள்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். அந்த முப்பது நாளில் பல ஆண்டுக் கணக்கைத் தேட முடியாது. ஆகவே எத்திட்டமும் வராத இந்நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள்.

1. ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் சனவரியிலும், கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து தேதியுடன் குறியுங்கள்.

2. அதே மாதங்களில் பாசன நீரைப் பரிசோதியுங்கள். பம்பு செட்டைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அந்த நீராலேயே கழுவிய பின் நிரப்புங்கள். மின் கடத்தும் திறன் 0.75 டெசி சைமனுக்குக் கீழ் இருந்தால் நல்ல நீர், 2.25க்கு மேல் போனால் உப்பு மிகுதி. நீரையும் மண்ணையும் எங்கே பரிசோதிக்கலாம் என்பதைக் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம்.

3. பயிர், விதைத்த தேதி, மூட்டைக் கணக்கு ஆகியவற்றைப் பருவந்தோறும் எழுதுங்கள்.

4. வெள்ளம் வந்த ஆண்டுகளில் நீர் நின்ற உயரத்தையும் நாட்களையும் குறியுங்கள்.

கூட்ட நாளில்

வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்திலும், குறிப்பிட்ட பிற அலுவலகங்களிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். புதுவையில் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வது மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்பார்.

அங்கே வாக்கெடுப்பு இல்லை. நூறு பேர் எதிர்த்தார்கள் என்பதால் மட்டும் திட்டம் நிற்காது. 'எங்கள் நிலம் பாழாகிவிடும்' என்பது ஒரு அச்சம். 'என் கிணற்றில் மே மாத நீர்மட்டம் 28 அடி. ஐந்து ஆண்டுக் கணக்கு இதோ. நாளொன்றுக்கு நீங்கள் எடுக்கப்போகும் நீர் எவ்வளவு? நீர்மட்டம் இறங்கினால் பொறுப்பு யாருடையது?' என்பது பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. எழுப்பப்பட்ட முக்கியமான சுற்றுச்சூழல் ஐயங்களுக்கு இறுதி அறிக்கையில் திட்டக்காரர் விடை காண வேண்டும் என்பது விதி.

பேசியதை எழுதியும் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். வர இயலாதவர்கள் எழுத்து மூலம் அனுப்பலாம். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அதுவரை எழுந்து போகாதீர்கள். நீங்கள் சொன்னது அதில் விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துங்கள்.

அனுமதி கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. அதை எதிர்த்துச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை அவகாசம் உண்டு. அதற்குமேல் இல்லை.

எல்லாத் திட்டங்களும் தீயவை அல்ல. சாலையும் வேண்டும், நம் பிள்ளைகளுக்கு வேலையும் வேண்டும். ஆனால் நீரும் மண்ணும் கெட்ட பிறகு நட்டஈடு கேட்டு அலைவதைவிட, வருமுன் கணக்குக் கேட்பதே மேல். கடற்கரையில் போன மணலுக்கு அன்று கணக்குக் கேட்க வழி இல்லை. உங்கள் கிணற்றுக்கு இன்று உண்டு. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை இவ்வாரமே எழுதுங்கள்.